மூட்டையின் நுனி

கழுத்து பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திரும்பினால் தோள்பட்டை வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. மகா பிடரியை அமுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தாள். அதே காட்சி. அதே சிவப்பு. தோல்வி.

ஓட்டுநர் இல்லாத காருக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் அவளுக்கு ஒப்பந்த வேலை. எழுதியதை நேரே தெருவில் விட்டுப் பார்க்க முடியாது. அதற்கென்று ஊரில் ஒரு பொதுச் சோதனைக்கூடம் உண்டு. கல்லூரிக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் தெருவைப் படம் பிடித்து, எது ஆள், எது வண்டி என்று கோடு போட்டுப் பொதுவில் வைப்பார்கள். யார் எழுதிய காரானாலும் அந்தக் காட்சிகளுக்குள் கம்ப்யூட்டரில் ஓடிக் காட்டவேண்டும். சோதிக்கும் இயந்திரம் ஒன்றுதான்; அணிக்கு ஒரு வாரம் என்று முறை. இன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் தேறினால் கார் தெருவுக்குப் போகும். தேறாவிட்டால் மகா வீட்டுக்குப் போவாள்.

தோற்கிற ஒரே காட்சி அவளே சிவாஜிநகரில் பிடித்துக் கொடுத்தது. நீளத் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் அப்பா அய்யாவு ரோட்டில் இறங்குகிறார். கார் நிற்கிறது. ஆள் பாதைக்குள் வருவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது, வீண் பிரேக், என்று இயந்திரம் கழித்துக்கட்டுகிறது.

"அந்த சீன் சரியில்லைன்னு ஃப்ளாக் பண்ணிடுங்க மகா," என்றார் மேனேஜர் சீனிவாசராகவன். "ஒரு கிளிக். தொகுப்பிலேர்ந்தே போயிடும். யாரு கேக்கப்போறா? அந்தாளு மூஞ்சியே தெரியல. யாரோ, எவரோ."

"எங்கப்பா சார்."

அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

ஒரு கிளிக்தான். விரல் அங்கேயே இருந்தது. கழுத்து மறுபடி இழுத்தது. அப்பாவுக்கும் இப்படித்தான். ஒருமுறை ஆட்டோ ஒன்று அவரைத் தொடவே இல்லை, மூட்டையின் நுனியில் தட்டிவிட்டுப் போனது. தலைமேல் இருந்த பாரம் சுழன்றதில் கழுத்து முறுக்கிக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் மாதக்கணக்கில் உடம்பையே திருப்பிப் பார்த்தார். சரியானதும் திரும்ப மூட்டைக்கே போனார்.

மகா படத்தைப் பெரிதாக்கினாள். அப்பாவைச் சுற்றி அவள் போட்ட பச்சைக் கோடு, தலையிலிருந்து கால்வரை. மூட்டை கோட்டுக்கு வெளியே. அதன் நுனி அப்பாவுக்கு முன்னாலேயே பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் வளர்ந்த மர்பி டவுன் வீட்டில் ஆள் வேறு, சுமை வேறு. மேஸ்திரி சுமையைத்தான் கேட்பான், ஆளைக் கேட்கமாட்டான். சாயங்காலம் வீட்டிலும் பேச்சு சுமையைப் பற்றித்தான். கோடு போடும்போது அந்தப் பழக்கம் அவள் கைக்கு வந்துவிட்டது. ஆள் சுமப்பதும் ஆளில் சேர்த்தி என்பதுதான் சோதனைக்கூடத்தின் விதி. அவளுக்குத் தெரிந்த விதி.

கார் சரியாகத்தான் நின்றிருக்கிறது.

கோட்டைத் திருத்தினாள். திருத்தியவளே ஒப்புதல் தர முடியாது, வேறு அணி பார்க்கவேண்டும். பிரேசர் டவுன் க்ளெனைப் போனில் கூப்பிட்டாள். அவன் ஒரு கல்லூரி அணியில் இருக்கிறான். போன வாரம் அவர்கள் முறை. இதே காட்சியில் தேறியிருந்தார்கள்.

"மூட்டைக்காரர் சீன்ல எப்படி பாஸ் ஆனீங்க?"

"அதுவா. எங்க வண்டியும் சும்னே, காரணமே இல்லாம, முன்னாடியே நின்னுச்சு. தலைக்கு மேல இருக்கறதக் கண்டுக்காதேன்னு கத்துக்கொடுத்தோம். வாரம் பூரா அதுக்கே போச்சு. ஏன், காப்பியடிக்கறியா? பிரியாணி ஆகும்."

"கோடு தப்பு க்ளென். நான் போட்டது. மூட்டைய விட்டுட்டேன்."

அந்தப்பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்போ எங்க வண்டி..."

"நேரா போய் மூட்டைய இடிக்கும்."

"தாயே, நாளைக்கு அது காலேஜுக்குள்ள ஓடணும்."

"ஓட்டாதே. கேன்டீனுக்கு அரிசி மூட்டை வருமில்ல?"

அந்தப்பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். காட்சியை ஓட்டிப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"நான் ஓகே குடுத்தா நீ பாஸ், நான் ஃபெயில். நல்லா இருக்கு உன் நியாயம்."

"ஆமா."

"ஒரு வாரம் போச்சு மகா. அத நீதான் தரணும்."

"தர்றேன்."

ஒப்புதல் வந்தது. அவள் பக்கம் பச்சை, அவன் பக்கம் சிவப்பு.

சீனிவாசராகவன் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "ஃப்ளாக் பண்ணிட்டீங்களா?"

"இல்ல சார். கோட்ட சரி பண்ணேன். பாஸ்."

"குட்."

"நம்ம அடுத்த முறைய க்ளென் டீமுக்குக் குடுக்கணும் சார். என் தப்பால அவங்க வாரம் வீணாப்போச்சு."

"அடுத்ததுல நமக்கு மழை டெஸ்ட் இருக்கே." கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். "அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது என்று அவர் சொல்லவில்லை. மகா கழுத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் வேலை தப்பியது. க்ளென் அணிக்கு அவள் தரவேண்டிய ஒரு வார முறை இன்னும் பாக்கி.