கழுவிய தகடுகள்

தெருக்கோடி வீட்டுத் தையல்கார அம்மா மூன்று முறை மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். உச்சி வெயில் ஏறினால் போதும், மாடியிலிருக்கும் சோலார் தானாக நின்றுவிடுகிறது, தையல் மெஷினுக்கென்று போட்டது வீணாகிறது என்றார். மூன்று முறையும் உதவிப் பொறியாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, தகட்டில் தூசி படிந்திருக்கும், நன்றாகக் கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நான்காவது முறை வந்தது அவர் கணவர். கழுவப் போன இடத்தில் ஏணி சறுக்கி, அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றார். ஒழுங்காய்க் கழுவத் தெரியவில்லை என்று தானும் அவளைத் தினமும் கடிந்துகொண்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கோபப்படவில்லை. அதுதான் பொறியாளருக்குச் சுருக்கென்றது.

அன்று நண்பகலே லைன்மேனோடு அந்த வீட்டுக்குப் போனார். கையிலிருந்த மீட்டர் இருநூற்று அறுபத்திரண்டு வோல்ட் காட்டியது; இருக்க வேண்டியது இருநூற்று முப்பது.

சில வருடங்களுக்கு முன், மாலையில் விளக்கு மங்குகிறதென்று தெருவார் முறையிட்டபோது, டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜை ஒரு படி ஏற்றி வைக்கச் சொன்னவர் அவர்தான். அப்போது தெருவில் இரண்டு மாடிகளில்தான் சோலார் இருந்தது. இன்று பத்தொன்பது. பத்தொன்பதுக்கும் அனுமதிக் கையெழுத்து அவருடையது. நண்பகலில் எல்லா மாடிகளும் ஒரே கம்பியில் மின்சாரத்தைத் தள்ள, டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கும் தெருக்கோடியில்தான் வோல்டேஜ் மிக அதிகமாக ஏறுகிறது. அந்த வீட்டு சோலார் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. ஏற்றிய படியை இறக்குவது அரைமணி நேர வேலை.

“தண்ணி ஊத்தினா வோல்டேஜ் எறங்குமா சார்?” என்றார் லைன்மேன், வேறெங்கோ பார்த்தபடி.

பொறியாளர் மாடியேறிப் பார்த்தார். தகடுகள் கண்ணாடியாய் மின்னின. மூலைகளைக்கூடப் பழைய துணியால் துடைத்திருந்த தடம் தெரிந்தது.

கீழே, கையில் மாவுக்கட்டோடு அந்த அம்மா காத்திருந்தார்; பக்கத்தில் கணவர். இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை அப்படியே நின்றது.

“இன்னும் அழுக்கு இருக்கா சார்?”

பழுதென்று ஏதாவது சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. லைன்மேனும் வாய் திறக்கமாட்டார். பொறியாளர் மீட்டரின் கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா. கழுவவே வேண்டியதில்ல. வோல்டேஜ ஏத்தி வச்சது நான். வந்து பாக்காம உங்கள ஏணி ஏற விட்டதும் நான்தான்.”

அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அந்த அம்மாவோ பொறியாளரைப் பார்க்கவே இல்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கிட்டீங்களா? நான் சரியாத்தான் கழுவியிருக்கேன்.”

கணவரும் பொறியாளரும் தரையைப் பார்த்தார்கள்.