மீடியத்தின் அளவு

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, சீருடைத் தையல்கூடத்தின் முதல் மாடியில், மருத்துவமனை திருப்பி அனுப்பிய நர்ஸ் கோட்டு மூட்டைகள் இறக்கப்பட்டன. எல்லாம் மீடியம் அளவு. ஒன்றிலும் பொத்தான் எட்டவில்லை.

கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கும் மீடியம் என்றுதான் பெயர். அளவு பார்க்கும் பொம்மையின் தோள் உடைந்ததிலிருந்து, மாதிரிக் கோட்டை அவளுக்கு மாட்டி, தொளதொளத்த இடத்தில் ஊசி குத்திப் பிடிப்பார் கட்டிங் மாஸ்டர். அதுதான் மீடியம் கோட்டு அத்தனைக்கும் அளவு.

வீட்டில் அக்கா வைத்த பெயர் வேறு: பூசணி. கேலிக்குத்தான் சொல்வாள். இவளுக்குக் கோபம் வரும்; காட்டமாட்டாள். மறுநாள் அக்கா கட்டிக்கொடுத்த டிபன் குப்பைக்கூடைக்குப் போகும். வயிறு காய்ந்தால் மனசு அடங்கியதுபோல் இருந்தது. பிறகு மாஸ்டர் அதட்டினாலும் அதே வைத்தியம், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அதே. எவ்வளவு இளைத்தாலும் கண்ணாடிக்கு மட்டும் ஒருநாளும் போதவில்லை.

"துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லிடலாம் முதலாளியம்மா," என்றார் மாஸ்டர், மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியம்மாவிடம். "மில்லுக்காரன் தலையில கட்டிடுவோம். என்ன மீடியம், சரிதானே?"

தலையாட்டினால் போதும். பெயரும் நிலைக்கும், குப்பைக்கூடையும் நிறையும். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"துணி மேல தப்பில்லண்ணே. நான்தான் இளைச்சுட்டேன். கோவம் வந்தா சாப்பாட்டைக் கொட்டிடறேன். நிறுத்தப் பாக்கறேன், முடியல."

மாஸ்டர் கையிலிருந்த ஊசிகளை டப்பாவில் போட்டார். "நான்தானேம்மா ஒவ்வொரு தடவையும் உள்ள பிடிச்சுக் குத்தினேன். என் கண்ணு எங்க போச்சு?"

முதலாளியம்மா அவளை உட்காரச் சொன்னாள்.

மாலையில் அக்கா கதவைத் திறந்தாள். "என்னடி பூசணி, சீக்கிரம் வந்துட்டே?"

"அப்படிக் கூப்பிடாதக்கா. கோவம் வருது."

"ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னா..."

"உனக்கு விளையாட்டு. உன் மேல வந்த கோவத்தைத்தான் இத்தனை நாளா சாப்பாட்டு மேல காட்டினேன். நீ கட்டிக் குடுத்ததெல்லாம் குப்பையில போச்சு."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "கழுவின மாதிரி டப்பா வரும்போதே கேட்டிருக்கணும்." குரல் இறங்கியிருந்தது. "இப்ப என்னடி செய்யறது?"

"டாக்டரைப் பாக்கப் போறேன். நீயும் வா."

பொம்மையின் தோள் ஒட்டப்பட்டது. கோட்டுகளின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் மனநல மருத்துவரிடம் போகிறாள். டிபன் சில நாள் சாப்பிட்டே காலியாகிறது. சில நாள் பாதி மிஞ்சுகிறது. அதை வீட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்கிறாள்.