கத்தி ஒன்று, பலகை ஒன்று

“இரண்டு ராஜ்யங்களை ஒரே பலகையில் உட்கார வைத்து ஏமாற்றியவன், ஈரேழு பதினாலு லோகத்திலும் நான் ஒருவன்தான்!”

ஆதிநாராயணன் தன் துப்பறியும் நாவலின் முதல் வரியைத் திருப்பதியே திரும்பிப் பார்க்கும் குரலில் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்த வெங்கடரமணன் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, “இத்த எவன்யா நம்புவான்?” என்றார்.

அச்சாபீஸ் வெங்கடரமணனின் மருமகனுடையது. போலீசில் ஏட்டாக இருந்து ரிடையரான மாமனார் தலையசைத்தால்தான் அங்கே துப்பறியும் கதை அச்சேறும். ஆதிநாராயணனுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சித்தூர்ப் பக்கத்தில் ஒரு கோர்ட்டில் (பெயர் எதற்கு?) அவர் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியபோது, சாட்சிப் பொருள் அறைக்குக் காவல் இதே ஏட்டுதான். கதை நடப்பதும் அந்த அறையில்தான். நிஜம் என்று தெரிந்தால் பென்ஷன் போச்சு; பொய் என்று முடிவு கட்டினால் நாவல் போச்சு.

“படிய்யா குமாஸ்தா.”

படித்தார். திருத்தணி ஆடிக்கிருத்திகையில் சோற்றுக்கடை போட்டிருந்த பச்சையம்மாளின் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் இன்னொருவனைத் துரத்துகிறான். வெட்டுப்பட்டது ஒரு தலைப்பாகை. கேஸ் ராஜியாகிவிட்டது, அரிவாள்மணை மட்டும் கோர்ட் பீரோவில் மாட்டிக்கொண்டது. அதற்குள் ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்தார்கள். திருத்தணி மதராஸ் பக்கம் போக, அந்த ஊர்க் கேஸ் சாமான்களையும் மூட்டை கட்டினார்கள். தெலுங்குப் பட்டியலில் ‘கத்திபீட’ என்றிருந்தது. தெலுங்கில் அரிவாள்மணைக்கு அதுதான் பெயர். தமிழில் பெயர்த்தெழுதிய மகானுபாவரோ, கத்தியைத் தனியாகவும் பீடத்தைத் தனியாகவும் பிரித்து, ‘கத்தி ஒன்று, பலகை ஒன்று’ என்று எழுதிவிட்டார்.

கதாநாயகன் ஒரு குமாஸ்தா. பட்டப்பகலில், ஒரு கொண்டை ஊசியால் கண் மூடித் திறப்பதற்குள் ஏழு பூட்டைத் திறந்து, ஒரு துருப்பிடித்த கத்தியையும் உட்காரும் பலகையையும் உள்ளே வைத்துவிட்டு, அரிவாள்மணையைக் குடைத்துணியில் சுற்றி எடுத்துப் போகிறான். இரண்டு சர்க்காரும் சாமான் சரி என்று கையெழுத்துப் போட்டன.

“சரி, இன்னாத்துக்குத் திருடுனான்?”

“ஏழைப் பொம்பள கண்ணீரு, ஏட்டய்யா. பாத்தான், மனசு தாங்கல…”

வெங்கடரமணன் எழுந்து போய் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்தார். “மாங்காக் கூடைய லஞ்சமா வாங்கிக்கினு வாய்தா குடுத்த குமாஸ்தாவா? அவனுக்குக் கண்ணீரப் பாத்து மனசு எளகிச்சாமா? அபத்தம்! திருடன நம்பறேன், பலகைய நம்பறேன். இந்தக் கண்ணீர மட்டும் செத்தாலும் நம்பமாட்டேன். எடுத்துக்கினு போ.”

எட்டு மாதம் விழுந்து விழுந்து எழுதிய நோட்டு மேஜையோரத்துக்குத் தள்ளப்பட்டது. ஆதிநாராயணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“வாழப்பூ, ஏட்டய்யா!”

“இன்னாது?”

“வாழப்பூ பொரியல்! வேற அருவாமணைல கையே வெக்கமாட்டேன்னுட்டா அந்தப் பச்சையம்மா. மத்தியானம் கோர்ட்டு வாசல்ல இருந்த அவ கடைய வுட்டா நமக்கு ஏது போக்கு? ஏழு மாசம் பருப்புத் தண்ணியும் அப்பளமும்! பொரியல கண்ணால பாக்கல. வவுறு எரிஞ்சி போய்த் திருடுனேன்!”

‘திருடுனேன்’ என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூவாயிரம் நாமக்காரர்கள் ஒரே நேரத்தில் கோவிந்தா போட்டாலும் கேட்டிருக்காது. அவருடைய நெஞ்சு காதுக்குள் அப்படி அடித்தது. பென்ஷன் திருமலைப் படிக்கட்டில் உருண்டு போவது கண்ணெதிரே தெரிந்தது.

வெங்கடரமணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“கொண்ட ஊசியாம், ஏழு பூட்டாம்! இருந்ததே ஒரு பூட்டு. சாவி அன்னிக்கி ஆணில தொங்கிக்கினு இருந்திச்சே, தொங்க வுட்டுட்டு டீ குடிக்கப் போனவன் எவன்னு நெனச்சே?”

“ஏட்டய்யா!”

“நானும் அங்கதானேய்யா துன்னுக்கினு இருந்தேன். ஏழு மாசம் எனக்குக் கத்திரிக்கா இல்ல.”

ஆதிநாராயணன் விட்ட பெருமூச்சில் கம்போசிங் மேஜையிலிருந்த காகிதமெல்லாம் பறந்தது. நோட்டு தானாகவே மேஜை நடுவுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“அப்போ அச்சுக்குப் போவலாமா? எவன் நம்புவான்னீங்களே?”

“கண்ணீர எடுத்துட்டு வாழப்பூவ போடு, நம்புவான். பேர மட்டும் மாத்திடு.” ஏட்டு நோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “நெஜமாவே நடந்திச்சிய்யா. நிஜங்கா ஜரிகிந்தி!”