வெள்ளைத் துண்டில் குழந்தை

மனைவி சொன்னதிலும் நியாயம் இருந்தது. போட்டோகிராபரின் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டாகச் சேமித்தது. ஒன்று ஜேபெக்: நிறத்தைக் கேமராவே சரிசெய்து, சுருக்கி, அனுப்பத் தயாராகக் கொடுத்துவிடும். இன்னொன்று ரா: லென்ஸ் கண்டதை அப்படியே வைத்திருக்கும், இடத்தையும் அள்ளி விழுங்கும். ராவையெல்லாம் அழித்துத் தொலையுங்கள் என்று ஸ்டூடியோவில் பாதி வேலையைப் பார்க்கும் அவள் தினமும் நச்சரித்தாள்.

அன்று காலை ஒருவழியாக அழிக்க உட்கார்ந்தார். காசு கொடுத்தவர்களின் படங்களில் கைவைக்கப் பயம்; சொந்தக்காரர் படமென்றால் கேட்க ஆளில்லை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத தங்கை மகன் வெள்ளைத் துண்டில் தூங்கும் படத்தில் ஆரம்பிக்கப் போனார். அதற்குள் தங்கையே போன் செய்தாள்.

குரலில் ஒரே குதூகலம். குழந்தை மஞ்சளாக இருக்கிறான், டாக்டரிடம் காட்டு என்று அம்மா உயிரை எடுத்தாளாம். அண்ணன் அனுப்பிய படத்தைக் காட்டித்தான் அவளைச் சமாதானப்படுத்தினாளாம்.

"பால் மாதிரி இருக்கான் பாருன்னேன். இன்னைக்கு டாக்டர்கிட்ட போறதா இருந்தோம், விட்டுட்டேன்."

அவர் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார். அனுப்பியது ஜேபெக். அதில் குழந்தை பால் நிறம்தான், ஆனால் துண்டில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மஞ்சள் தூக்கலாகத் தெரிந்தால், அது விளக்கின் கோளாறு என்று நினைத்துக் கேமரா கழித்துவிடும். தெரிந்த விஷயம்தான். மருமகன் மேல் இருந்த ஆசையில் கண்ணில் படவில்லை.

லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நல்லவேளையாக இன்னும் அழிக்காத ராவைத் திறந்து, துண்டு வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்தார். துண்டு வெளுத்தது. குழந்தைக்கு முகத்திலிருந்து கால்வரை மஞ்சள் ஏறியது. அதை அனுப்பினார். ஊரெல்லாம் படத்தைக் காட்டிப் பூரித்தவளிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

"துண்டைப் பாரும்மா, இதுலதான் வெள்ளையா இருக்கு. அம்மா சொன்னதுதான் சரி. உடனே கிளம்பு, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், காமாலை அதிகம்தான், இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கலாம், இனி பயமில்லை என்றார். குழந்தையின் கண்ணைக் கட்டி, காமாலையை இறக்கும் நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தங்கையிடம், முதலில் அனுப்பிய படத்தை அழித்துவிடச் சொன்னார். அதைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

அவள் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாண்ணா. குணமாகி வந்தா இப்படித்தானே இருப்பான்?"