புகார் இல்லாத தெரு

அந்த மருந்துக் கம்பெனியில் அவருக்கு மூக்கு என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மூக்கென்றால் அப்படி ஒரு மூக்கு. மேனேஜரின் கார் தெருமுனையில் திரும்பும்போதே, மனிதர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறாரா, சமாதானமாக வருகிறாரா என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவார். தொலைந்துபோன கிடங்குச் சாவியை ஒருமுறை முகர்ந்தே கண்டுபிடித்தார். அது காவல்காரரின் சட்டைப் பையிலேயே இருந்தது என்பது வேறு விஷயம்.

அவர் வேலை கோபுரத்தில். மருந்து காய்ச்சும் அண்டாக்களிலிருந்து வரும் நச்சுப் புகையை அப்படியே வெளியே விட்டால் ஊர் தாங்காது. அதனால் அதை ஓர் உயரமான கோபுரத்துக்குள் ஏற்றி, மேலிருந்து சோடாக்காரம் கரைத்த காரத்தண்ணீரை மழைபோலக் கொட்டுவார்கள். புகையிலிருக்கும் விஷத்தைக் காரம் பிடித்துக்கொள்ளும். மிச்சக் காற்று குளித்து முடித்த பிள்ளைபோல உச்சிக் குழாய் வழியே வெளியேறும். உச்சியில், விஷம் மிஞ்சுகிறதா என்று காட்டும் ஒரு மீட்டரும் இருந்தது. அது கெட்டுப்போய் வெகுநாளாயிற்று. மூக்கு அதில்தான் சட்டையை மாட்டுவார்.

"மூக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்குய்யா?" என்றார் மேனேஜர்.

ஆக, காரியம் நடந்த விதம் இது. காலையில் மூக்கு ஏணியேறி உச்சிக் குழாயருகே போய் ஓர் இழுப்பு இழுப்பார். அழுகல் வாடை அடித்தால் காரத்தண்ணீர் வால்வைத் திறந்துவிடுவார். அடிக்காவிட்டால் மூடிவிடுவார். காரம் மிச்சம், கம்பெனிக்குச் சந்தோஷம்.

கோபுரத்துக்குப் பின்சுவர், அதை ஒட்டி ஒரு தெரு. அங்கேதான் மூக்கின் வீடும். அந்தத் தெருவைப் பற்றி என்ன சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. கம்பெனியில் தூக்கமாத்திரை ஓடும் மாதங்களில் சாக்கடைத் தவளைகள் கத்துவதில்லை, குறட்டைதான் விடும். இருமல் மருந்து ஓடினால் கொசு நேராகப் பறக்காது. இதையெல்லாம் சகித்துக்கொண்ட ஜனம், வாடையை மட்டும் சகிக்கவில்லை. தினமும் யாராவது கம்பெனி வாசலில் வந்து நின்று வசைபாடிவிட்டுப் போவார்கள். அதிலும் மூக்கின் சம்சாரத்துக்குக் குரல் அதிகம்.

"புருஷன் உள்ள சம்பளம் வாங்குறான், பொண்டாட்டி வெளிய நின்னு திட்டுறா. நல்ல குடும்பம்யா!" என்பார் காவல்காரர்.

"திட்டறதுக்கும் சம்பளம் குடுங்க, உள்ள வந்து திட்டுறேன்" என்பாள் அந்த அம்மாள்.

பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. மூக்கு ஏணியேறி இழுத்தார், வாடை இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவருக்கே பெருமை தாங்கவில்லை. வால்வு மூடியது மூடியபடியே கிடந்தது. தேவைப்படாத சரக்கு எதற்கென்று மேனேஜர் காரத்தண்ணீர்த் தொட்டியையே கழற்றி வேறு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அதிசயம் என்னவென்றால், தெருவும் அடங்கிவிட்டது. யாரும் திட்ட வரவில்லை. சம்சாரமும் வரவில்லை, அவளுக்கு இருமல் பிடித்திருந்தது. தெரு நாய்கள் மட்டும் ஒருநாள் வரிசையாக ஊரைவிட்டுப் போயின. நாய்தானே, யார் கேட்பார்கள்?

ஒரு சாயங்காலம் மூக்கு வீட்டுக்கு வந்தார். சமையலறையில் அடுப்புக்கு மேலே புகை. அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிக்கொண்டிருந்தது. அதற்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து சம்சாரம் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பால் கருகுது, தெரியலையா?"

அவள் நிமிர்ந்து பார்த்துப் பதறி எழுந்தாள். "அய்யய்யோ! அடுப்பு மூட்டினதே மறந்துபோச்சு. வாடையே வரலையே?" என்றவள், இருமி முடித்து அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு வந்துச்சா?"

மூக்கு கரிந்த பாத்திரத்துக்குள் முகத்தைவிட்டு இழுத்தார். சுவரை முகர்ந்தமாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போனார், எதிர்வீட்டுக்குப் போனார். எல்லோரும் சிரித்தபடி ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இப்பல்லாம் வாடையே இல்லைங்க. உங்க புண்ணியம்."

கோபுரம் சுத்தமாகவில்லை. தெருவுக்கே மூக்கு செத்துப்போயிருந்தது. அவர் வால்வை மூடியதால் அத்தனை விஷமும் குளிக்காமல் கொள்ளாமல் வந்து, இந்த அம்மாளின் நெஞ்சில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மூக்கு மேனேஜரின் அறைக்குப் போனார். மேசைமேல் பளபளவென்று ஒரு கேடயம்: புகார் இல்லாத ஆலைக்கு மேலிடம் கொடுத்த பரிசு.

"சார், தொட்டியைத் திருப்பி வரவழைங்க. எனக்கு மூக்கு போயிடுச்சு."

"நல்ல நாளும் அதுவுமா விளையாடாத மூக்கு."

தான் விளையாடவில்லை என்று காட்ட, மூக்கு கிடங்கிலிருந்து ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்திருந்தார். மருந்துக்குச் சேர்க்கும் கந்தகச் சரக்கு. ஒரு சொட்டு சிந்தினால் அடுத்த ஊர்க்காரன் தன் செருப்பைத் திருப்பிப் பார்ப்பான். லேபிளைக் கைக்குள் மறைத்து, மூடியைத் திறந்து நீட்டினார்.

மேனேஜர் முகர்ந்தார். "என்ன, தண்ணியா?"

கணக்குப்பிள்ளை வந்தார். முகர்ந்துவிட்டு, மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா சார், தண்ணிதான்" என்றார். காவல்காரர் வந்தார். எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டுமென்று, "நல்ல வாசனை சார். வீட்டுக்குக் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

மூக்கு கையை விரித்து லேபிளைக் காட்டினார். காவல்காரர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது அங்கே இருக்கிறதா என்று.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. வெளியூர் டிரைவர். கதவைத் திறந்து ஒரு கால் கீழே வைத்தவர், குனிந்து ஓங்கரித்து வாந்தி எடுத்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ள எப்படிய்யா மனுஷன் இருக்கீங்க?" என்று கத்தினார்.

மூக்கின் முகத்தில் உயிர் வந்தது. "பாருங்க சார்! அந்த ஆளுக்கு இன்னும் மூக்கு இருக்கு!"

மேனேஜர் ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். அவருக்கும் விளங்காமல் இல்லை, முகம் வெளுத்திருந்தது. அவர் குப்பியை வாங்கி மூடியை இறுக்கித் திருகினார்.

"இது பழைய சரக்கு. வீரியம் போயிருக்கும்."

"அந்த டிரைவர் சார்?"

"வழியில எதையாவது தின்னிருப்பான்."

"மீட்டரையாவது சரி பண்ணுங்க சார். என் சம்சாரம் ராத்திரியெல்லாம் இருமுறா."

"மீட்டர் ஒண்ணைக் காட்டுச்சுன்னா மேல எழுதணும் மூக்கு. எழுதினா கேட்டை மூடிடுவான். அப்புறம் அந்தத் தெருவே என்ன சாப்பிடும்? மீட்டர் இல்லாம நீ வாயால சொன்னேன்னா நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்." மேனேஜர் கேடயத்தைக் கர்ச்சீப்பால் துடைத்தார். "உன் வாயாலதானே தொட்டி போச்சு. இப்ப அதே வாயால மூக்கே இல்லைங்கறியா?"

வெளியே லாரி சரக்கை இறக்காமலே திரும்பிப் போயிற்று. காவல்காரர் அதை நோக்கிக் கையாட்டி, "புதுசு. போகப் போகப் பழகிடும்" என்றார்.

மூக்கு ஏணியேறினார். வால்வைத் திறந்தார். வால்வு லேசாகச் சுழன்றது. தொட்டி இருந்த இடத்தில் வெறும் குழாய் நுனி காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. உச்சிக் குழாய்ப் புகை பின்சுவரைத் தாண்டி, தெருவைத் தடவிக்கொண்டு, அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவைமேல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பழக்கதோஷத்தில் ஓர் இழுப்பு இழுத்தார்.

வீட்டில் சம்சாரம் தட்டு வைத்தாள்.

"உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். கொஞ்சநாள் இருந்துட்டு வா" என்றார் மூக்கு.

"எங்க அக்கா வீடு எங்க இருக்கு, அடுத்த தெருவுலதானே? காத்துக்குத் தெரு தெரியுமா? சாப்பிடுங்க." இருமல் வந்து அவளைக் குலுக்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள். பிறகு நேற்றைய சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, கல்யாணமான நாள்முதல் செய்துவருகிறபடி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கெட்டுப்போச்சா பாருங்க."

அவர் குனிந்து முகர்ந்தார். நன்றாக, நிதானமாக.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "போடு."