பத்து விநாடி சும்மா இரு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லைவ். ஒன்பதே முக்காலுக்கே அண்ணன் குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போவது விளையாட்டில் ஓடும் லாரியும் மலைப்பாதையும்தான். ஆள் தெரிய மாட்டான். அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கழுத்துத் தழும்பு மறைகிற மாதிரி மேல் பொத்தான் வரை போட்டிருந்தான். தங்கை அதைப் பார்த்தாள். பெண் பார்க்கவா போகிறாய் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். மூன்று மாதமாக அவள் அடக்கிக்கொண்ட கேலிகளைச் சேர்த்து வைத்தால் ஒரு மூட்டை தேறும்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பன்னிரண்டு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊராருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். அவன் 'கிளட்ச்' என்று ஒரு அதட்டல் போட்டால், முன்னால் போகிற வண்டிக்காரனும் தன் காலைத் தேடுவான் என்று மாணவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் திட்டியும் ஆசை அடங்காமல், ஏழாம் நாள் லாரி ஓட்டும் விளையாட்டை லைவ் போட்டு, அதில் குறுக்கே வருகிற கார்களைத் திட்ட ஆரம்பித்தான். அதைக் கேட்க அவனுடைய மாணவர்களே வந்து சேர்ந்தார்கள். நாற்பது பேர் வரை வருவார்கள். முதல் ஆளாக வருகிறவர் பிரேக் அம்மா. வயது ஐம்பத்தைந்து. எட்டு மாதம் படித்தும் பிரேக்கைத் தவிர வேறெதையும் மனதார மிதித்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று வீடே கும்பிட்டது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று சோர்ந்துபோயிருந்தது. ஆறு மாதம் பார்க்கலாம், வந்தாலும் வரும் என்றார் டாக்டர். கண் விழித்து அண்ணன் பேசியபோது வந்தது காற்று மட்டும். அன்றைக்கே ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிவரச் சொல்லிச் சைகை காட்டினான். அதற்குப் பிறகு சாப்பாடு வேண்டும் என்றாலும் எழுதினான், வேண்டாம் என்றாலும் எழுதினான். வீட்டில் அம்மாவும் தங்கையும் கெஞ்சிப் பார்த்தார்கள், சண்டை போட்டுப் பார்த்தார்கள். குரல் பயிற்சி சொல்லித்தருகிற அம்மாளும், பேசினால்தான் வரும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தான். பேசச் சொன்னால் நோட்டைத் திறந்தான்.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லாரியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் இந்த மூன்று மாதமும் ஞாயிறு தவறாமல் அவள்தான் லைவை நடத்தினாள். வாராவாரம் லாரியைப் பள்ளத்தில் தள்ளினாள். கூட்டம் நாற்பதிலிருந்து பதினாலாகக் குறைந்தது. அந்தப் பதினாலு பேரும் மாஸ்டர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் நோட்டில் எழுதி அவள் பக்கம் தள்ளினான்: 'நாளைக்கு நான் வர்றேன். ஒருத்தருக்காவது நான் பேசுறது கேட்டா ஒண்ணாம் தேதி ஸ்கூலுக்குப் போறேன். கேக்கலைன்னா இதோட விட்டுடணும். யாரும் என்னைப் பேசச் சொல்லக் கூடாது.' அம்மா அதைப் படித்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்துக்குப் பாத்திரங்கள்தான் பேசின.

சரியாகப் பத்து மணிக்குத் தங்கை லைவைத் தொடங்கினாள். பதினாலு பேரும் வந்திருந்தார்கள். மாஸ்டர் வந்துட்டார் என்று அவள் சொன்னதும் கைதட்டும் படங்களாகக் கொட்டியது. அண்ணன் மைக்கை உதட்டருகே இழுத்து, எச்சில் விழுங்கி, "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றான். மூன்று மாதத்தில் அவன் சொன்ன முதல் முழு வாக்கியம். காற்றும் கரகரப்புமாக இருந்தாலும் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையில் ஒரு வரி வந்தது. 'மாஸ்டர் பேசிட்டாரா?' அடுத்தது: 'தங்கச்சி பேசுறது நல்லா கேக்குது. மாஸ்டர் குரல் வரலை.' அண்ணன் இன்னும் கிட்டே போய், நரம்பு புடைக்க, அதே கேள்வியைக் கேட்டான். 'ஒண்ணுமே கேக்கலை மாஸ்டர், மைக் ஆன்ல இருக்கா?' என்று எழுதினார் பிரேக் அம்மா. அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் தங்கைக்கு அவரைக் கட்டிவைத்து உதைக்கலாம் போலிருந்தது.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எறிந்திருந்தாலாவது சமாதானம் சொல்லலாம். பூப்போல வைத்துவிட்டுப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான். தங்கை அவசரமாக 'சற்றுப் பொறுங்கள்' என்ற படத்தைத் திரையில் போட்டாள்.

கடையில் ஒருவர் வந்து கண் தெரியவில்லை என்றால், தங்கை முதலில் அவர் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுப்பாள். பாதிப் பேர் அதிலேயே சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அதற்கும் சரியாகாவிட்டால்தான் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் பார்ப்பாள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்ற மாட்டாள். அதே முறையில் இங்கேயும் இறங்கினாள். ஒயரில் இருக்கிற மியூட் பொத்தானைப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, வேறு துளையில் செருகினாள். லேப்டாப் தன்னுடைய சொந்த மைக்கை எடுத்துக்கொள்கிறதா, ஹெட்போன் மைக்கை எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. மைக்கைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறதா, கொடுத்திருந்தது. ஒலி அளவு முழுசாக இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு ஹலோ, ஹலோ என்றாள். லைவ் மென்பொருளில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஜம்மென்று எழுந்தது. பிறகு அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பேசச் சொன்னாள். கோடு அசையவே இல்லை.

அவள் பேசினால் வேலை செய்கிறது, அவன் பேசினால் வேலை செய்யவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல அண்ணன் அவளைப் பார்த்தான். நோட்டை எடுத்து, 'மைக் நல்லா இருக்கு. நான்தான் ரிப்பேர்' என்று எழுதினான். அவன் கோபமாக எழுதியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கீழே ஒரு சிரிப்புப் படமும் வரைந்திருந்தான்.

அவளுக்கு வீம்பு வந்தது. இன்னும் ஒரே ஒரு இடம் பார்க்கிறேன் என்று லேப்டாப்பின் ஒலி அமைப்புகளைத் திறந்தாள். மைக்கிலிருந்து சத்தம் முதலில் வந்து சேருகிற இடம் அதுதான். லைவ் மென்பொருளுக்குப் போவது அதற்குப் பிறகு. அங்கேயும் ஒரு கோடு உண்டு. ஒரே ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சினாள். அவன் வேண்டா வெறுப்பாக "விடு" என்றான்.

கோடு அசைந்தது. கால் பங்குதான் எழுந்தது, ஆனால் எழுந்தது.

"இன்னொரு தடவ சொல்லுண்ணா."

"விடுன்னா விடு."

மறுபடி எழுந்தது. அப்படியானால் அவன் குரல் மைக்குக்குள் போகிறது, லேப்டாப்புக்குள்ளும் போகிறது. அங்கிருந்து லைவுக்குப் போகிற வழியில்தான் எதுவோ அதை விழுங்குகிறது. லைவ் மென்பொருளில் மைக்குக்குரிய பட்டியலைத் திறந்து பார்த்தாள். அங்கே ஒரே ஒரு வடிகட்டி உட்கார்ந்திருந்தது: இரைச்சல் நீக்கி. வைத்தது யார்? அவளேதான்.

ஃபேன் சத்தம் காதைத் துளைக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறை சொன்னதால், இரண்டரை மாதத்துக்கு முன்னால் அதைப் போட்டிருந்தாள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் பத்து விநாடி யாரும் பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியில் அறையில் கேட்பதையெல்லாம் அது பதிவு செய்துகொள்ளும். இதெல்லாம் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு, அன்றிலிருந்து அதே மாதிரிச் சத்தம் எப்போது வந்தாலும் துடைத்துவிடும். அந்தப் பதிவு இன்னும் அங்கேயே இருந்தது. தங்கை ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஓடவிட்டாள்.

ஃபேன் சுற்றுகிற சத்தம். சமையலறையில் குழாய். அதற்கு அடியில், சீராக, விட்டு விட்டு, காற்றில் ஏறி இறங்குகிற ஒரு 'ஹா'. பிறகு ஒரு 'ஊ'. மறுபடி ஒரு 'ஹா'.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இதே அறையில், கட்டில்மேல் உட்கார்ந்து, அண்ணன் குரல் பயிற்சி செய்துகொண்டிருந்தான். காதில் ஹெட்போன் இருந்ததால் அது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, திரும்பிப் பார்த்திருக்கலாம். அவன் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்காது என்று அதற்குள் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. தினமும் பேசச் சொல்லி அவனைக் கெஞ்சியவளே, அவன் குரலை ஃபேனோடும் குழாயோடும் சேர்த்து இரைச்சல் கணக்கில் வைத்துவிட்டாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான். ஆனால் அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் வைத்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பேசும்போதே வடிகட்டியை அணைத்துவிட்டாள். மன்னிச்சிடுண்ணா என்று சொல்ல நினைத்து, அதற்கு மட்டும் குரல் வராமல் நின்றாள். அந்த ஒரு நிமிடம் வீட்டில் குரல் இல்லாதவள் அவள்தான்.

அண்ணன் அந்தப் பத்து விநாடியை மூன்று முறை கேட்டான்.

"இது நானா?"

தலையாட்டினாள்.

"வெறும் காத்துதான் வருது." இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டான். "இப்ப இதவிடப் பரவாயில்ல, இல்ல?"

"எவ்வளவோ பரவாயில்லண்ணா. உனக்குத்தான் தெரியல."

அவன் அவள் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு விழுந்த முதல் குட்டு. "அழாத. என் குரலை அது வீட்டுச் சத்தம்னு நெனச்சுக்கிச்சு. அது மேல தப்பில்ல. நானும் அப்படித்தான நெனச்சேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். புதிதாகப் பத்து விநாடி பதிவு செய்தால் தீர்ந்தது. இந்த முறை ஃபேனும் குழாயும் மட்டும்தான் இருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் திரும்பி, குழாயை அப்படியே திறந்து விட்டுவிட்டு நகராமல் நிற்கும்படி அம்மாவிடம் சொன்னாள். அண்ணனைப் பார்த்து, "பத்து விநாடி சும்மா இரு" என்றாள்.

சொன்ன பிறகுதான், யாரிடம் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அண்ணனுக்கும் உறைத்தது. நான்காவது விநாடியில் அவன் தோள் குலுங்கியது. ஆறாவது விநாடியில், கீச்சென்று காற்று பிரிகிற மாதிரி சிரித்துவிட்டான். பதிவு பாழ். இரண்டாம் முறை ஏழு விநாடி வரை தாக்குப்பிடித்து, எத்தனை ஆச்சு என்று கேட்டுக் கெடுத்தான். மூன்றாம் முறை, குழாய்த் தண்ணி வீணாப் போகுதும்மா என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னான். மூன்று மாதம் வாய் திறக்காத மனுஷனுக்குப் பத்து விநாடி வாயை மூட முடியவில்லை. அம்மா வாசலில் வந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

நான்காம் முறைக்காகத் தங்கை அமைப்புப் பலகையை மூடினாள். அப்போதுதான் அதன் பின்னால் மறைந்திருந்த, பார்க்கிறவர்கள் எழுதுகிற உரையாடல் பெட்டி கண்ணில் பட்டது. 'சற்றுப் பொறுங்கள்' என்று படத்தை மட்டும்தான் அவள் மாற்றியிருந்தாள், மைக்கை நிறுத்தவில்லை. வடிகட்டியை அணைத்த நிமிடத்திலிருந்து எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

'மாஸ்டர் குரல் கேக்குது.'

'ஃபேன் சத்தமும் கேக்குது. இருந்துட்டுப் போகட்டும்.'

'தங்கச்சி, அவரைச் சும்மா இருக்கச் சொல்லாதீங்க.'

கடைசியில் பிரேக் அம்மா எழுதியிருந்தார்: 'மாஸ்டர், நான் பின் சீட்டுல ஏறி உக்காந்துட்டேன். வண்டிய எடுங்க.'

தங்கை லேப்டாப்பை அண்ணன் பக்கம் திருப்பினாள். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். 'சற்றுப் பொறுங்கள்' போய் மழை பெய்கிற மலைப்பாதையும் லாரியும் திரைக்கு வந்தன. மைக்கைக் கிட்டே இழுத்தான்.

"எல்லாரும் சீட் பெல்ட் போடுங்க" என்றான்.

லைவில் சொல்வது போய்ச் சேரவும் பதில் வரவும் ஏழெட்டு விநாடி ஆகும். அவ்வளவு நீளமான விநாடிகளைத் தங்கை பார்த்ததில்லை. பிறகு ஒரு வரி வந்தது: 'போட்டாச்சு மாஸ்டர்.' அதற்கடியில் இன்னொன்று, இன்னொன்று. அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பதிமூன்றில் நின்றது.

"இன்னும் ஒருத்தர் போடல" என்று கரகரத்தான். பதினாலாவது வரி வரும்வரை அவன் வண்டியை எடுக்கவில்லை.