தம்பிக்கு ஊர் காட்டினேன்

என் தம்பி கப்பலில் இன்ஜின் மெக்கானிக். ஏழு வருடமாக ஊர் ஊராகப் போகிறான், ஒன்றையும் பார்த்ததில்லை. கடலில் போகும்போது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஜன்னலில்லாத அறையில் கிடப்பான். கரையில் நின்றால் இன்ஜினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவான்.

அவனுடைய ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. மறுபடி போவதென்றால் சாயங்காலத்துக்குள் கப்பலில் கையெழுத்துப் போட வேண்டும். விடுவேனா நான்? இந்த ஊரில் டாக்சி ஓட்டுகிறவள். ஒரே பகலில் ஊரைக் காட்டி ஆளை இங்கேயே நிறுத்திவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

முதலில் மேட்டுத் தெரு. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைத்தான் அங்கே வீட்டுக்கும் அடிப்பார்கள். ஒரே சுவரில் மூன்று நிறம் இருக்கும். நான் கையை நீட்டி நீட்டிக் காட்ட, தம்பியோ துரை மாதிரி உட்கார்ந்து, வண்டியில் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்றான். மீன் சந்தையில் என் கை நீளத்துக்கு மீன்கள் துள்ளின. அவன் ஐஸ் உடைக்கும் மெஷின் முன்னால் நின்றான். மூச்சு வாங்கக் கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். அந்த உயரத்திலிருந்து மொத்த ஊரும் கடலும் தெரியும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். அவனோ விளக்கைச் சுற்றும் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, கடல் அந்தப் பக்கம் இருக்கு," என்றேன். சிரித்து மழுப்பினான்.

மிச்சமிருந்தது அக்கரைக்குப் போகும் பயணிகள் படகு. அதுவும் நடுவழியில் இருமி நின்றது. மெக்கானிக் போன வாரம்தான் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று படகோட்டி தலையிலடித்துக்கொண்டார். நான் திரும்புவதற்குள் தம்பி கீழே இறங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் பிள்ளை மேலே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வெயில் சாய்ந்து, ஊர் முழுக்கப் பொன்னாக ஜொலித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்ஜின் அறைக்கு இறங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்துக் கத்தினேன். இதோ மேட்டுத் தெரு, இதோ சந்தை, பறவையெல்லாம் கூட்டமாகக் கிளம்புகிறது, மேலே வந்து தொலையேன்டா என்று. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

படகு இக்கரைக்குத் திரும்பிய பிறகுதான் கையெல்லாம் கிரீசோடு வந்தான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.

"கப்பல்ல கொண்டுபோய் விடட்டுமா?" என்றேன்.

அவன் முகம் சின்னப் பிள்ளை முகம்போல இருந்தது. "அக்கா, கீழே ஒரு ஜன்னல் இருக்கு. சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நீ சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா அதுல வந்துச்சு."

பிறகு படகோட்டியிடம் போய், போன மெக்கானிக் திரும்பி வருவாரா என்று கேட்டான்.